பத்தாவது இடத்துப் போலீஸ்காரர்

தெரிந்ததைச் சொல்லாமல் அடக்கி வைக்க எனக்கு இன்றுவரை வரவில்லை. அதனால்தான் ஒரு பிரபல நடிகரின் அம்மாவிடமே, அவர் மகன் மகா மட்டமாக நடித்த படத்திலிருந்து வரிசை சொல்லத் தொடங்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்து இரண்டு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த நடிகருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, புடவை எடுக்க அவருடைய அம்மாவும் இரண்டு அத்தைகளும் வருகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"அவரு நடிச்ச பத்துப் படமும் எனக்கு மனப்பாடம் சார். என்னையே உக்கார வையுங்க."

"உக்காரு. இந்த வியாபாரம் முடிஞ்சா நாளையிலேர்ந்து நீ பர்மனென்ட். சொதப்புனேன்னு வெச்சிக்கோ, பின்கட்டுல புடவை மடிச்சிக்கினு இருக்க வேண்டியதுதான்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல புடவையை முதலில் விரிக்கவே கூடாது. சுமாரானதை நாலைந்து விரித்து, வந்தவர் முகம் சுளிக்கும் நேரத்தில் அசல் சரக்கை எடுத்து உதற வேண்டும். (இரண்டு மாதத்தில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான்.)

அந்த அம்மா சாதாரணப் பருத்திப் புடவையில் வந்து, என் எதிரே தரையில் விரித்திருந்த மெத்தையில் உட்கார்ந்தார். காபி வரும்வரை பேச்சுக்கு, "எம்புள்ள படம்லாம் பாப்பியாபா? எது ரொம்ப நல்லா இருக்குது?" என்று கேட்டார்.

ஒரே ஒரு படத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். நான்தான் தொழில் தெரிந்தவனாயிற்றே! அடியிலிருந்து விரிக்க ஆரம்பித்தேன்.

"பத்தாவது எடம் அந்த போலீஸ் படம்மா. யூனிஃபார்ம் வாடகைக்கு எடுத்தது மாதிரி இருக்குது. அந்த நடை அதைவிட மோசம்! வலது காலை இழுத்துக்கினு, ஷூவுக்குள்ள கல்லு பூந்தாப்பல..."

எழுந்து நடந்தே காட்டினேன். அத்தைகள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று நினைத்து, திரும்பி வரும்போது காலை இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

"ஒன்பதாவது எடம்..."

"இருப்பா," என்றார் அந்த அம்மா. "அவங்கப்பா போலீசு. டூட்டியில லாரி மோதி கால் ஒடைஞ்சிடுச்சு. கடைசி வரைக்கும் அப்படித்தான் நடந்தாரு. அவரு போனப்புறம், அவரு நடக்கறத நான் மறுபடியும் பாத்தது அந்தப் படத்துலதான்."

வெட்கத்தில் மெத்தைக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. "மொத எடம் எதுன்னா..." என்று முனகினேன். (அசல் சரக்கைக் காட்டினால் சரியாகிவிடும் என்று அப்போதும் நம்பினேன், பாருங்கள்.) அவர் எழுந்து பக்கத்து விற்பனையாளரின் மெத்தைக்குப் போய்விட்டார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. கல்யாணப் புடவை மொத்தத்தையும் அங்கேயே எடுத்தார்கள். முதலாளி பின்கட்டைக் கைகாட்டினார். இரண்டு வருடம் மடித்தேன்.

இன்று அதே கடையில் மூத்த விற்பனையாளன் நான்தான். என் கருத்தும் மாறவில்லை. அந்த நடிகர் மேலும் பத்துப் படம் நடித்துவிட்டதால், போலீஸ் படம் இப்போது இருபதாவது இடத்துக்கு இறங்கியிருக்கிறது. கதை, சண்டை, யூனிஃபார்ம் எதற்கும் மன்னிப்பு கிடையாது. அந்த நடையை மட்டும் என்னால் கண் கலங்காமல் பார்க்க முடிவதில்லை.

வருடக்கணக்காகச் சம்மணம் போட்டதில் என் வலது முட்டி தேய்ந்துவிட்டது. சாயங்காலம் காலை இழுத்துக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுகிறேன். கதவைத் திறக்கும் மனைவி உள்ளே பார்த்து, "போலீசு வந்துட்டாருடி!" என்று குரல் கொடுப்பாள்.

"நடை எத்தினாவது எடம்னு கேளும்மா," என்பாள் மகள்.

"மொத எடம்" என்று நான் சொன்ன பிறகுதான் காபி வரும்.