மைனஸ் பதினெட்டில் என் இன்சுலின்

பயந்தவன் மூளையைப் பயன்படுத்தக் கூடாது. நான் பயன்படுத்தினேன்.

தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உறைந்த இறால் பெட்டிகளைக் குளிர்கிடங்கில் அடுக்க வேண்டும், எடுக்க வேண்டும். வேறு தொழில் தெரியாது. முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. டாக்டர் ஊசிக்கு மாற்றினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று போட்டாக வேண்டும்.

கம்பெனியில் சொல்லவில்லை. காரணம் மாடசாமி. அவனும் என்னைப் போல வண்டி ஓட்டியவன். மெடிக்கல் கேம்ப்பில் தனக்கு சுகர் உண்டென்று உண்மையைச் சொன்னான். மறு வாரம் அவன் கையில் துடைப்பம். "உன் நல்லதுக்குத்தாம்லே" என்றார் மேனேஜர். (மேனேஜருக்கும் சுகர். மாத்திரை டப்பா மேஜையிலேயே கிடக்கும். ஏசி அறையில் இருந்தால் அது சுகர். எங்களுக்கு வந்தால் ஆபத்து.)

மருந்தைக் குளிர்ச்சியில் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பையில் வைத்தால் எங்கள் ஊர் வெயிலில் கஷாயமாகிவிடும். கேன்டீன் ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். யோசித்தேன். மைனஸ் பதினெட்டு டிகிரி கிடங்கே என் பொறுப்பில் இருக்கிறது. இதைவிடக் குளிர்ச்சி எங்கே கிடைக்கும்? கடைசி வரிசையில், பெட்டிகளுக்குப் பின்னால், குப்பியையும் ஊசிகளையும் ஒரு டப்பாவில் போட்டு ஒளித்து வைத்தேன். (அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.)

மத்தியானம் எடுத்தால் குப்பி கல்லாக இருக்கும். கக்கத்தில் வைத்து இளக்கிப் போட்டுக்கொள்வேன். மூன்று வாரம் இப்படி. தாகம் அடங்கவில்லை. "என்ன இப்பிடி மெலிஞ்சிக்கிட்டே போறிய?" என்றாள் என் மனைவி பேச்சி. மருந்து வேலை செய்கிறது என்றேன்.

நாலாவது வாரம், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சோதனைக்கு வந்தார். வருகிறவர்கள் முன் வரிசையைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் கடைசி வரிசைக்கு நடந்தார். டப்பாவைத் திறந்தார்.

இறால் தொழிலில் ஊசி என்றால் ஒரே அர்த்தம்தான். எடை கூட்ட இறாலுக்குள் ஜெல் ஏற்றுவது. திருட்டு. எங்கள் கம்பெனியில் அது கிடையாது. ஊசி கையில் கிடைத்த பிறகு அதை யார் நம்புவார்? லோடு மொத்தமும் திரும்பிவிடும்.

எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார்கள்.

"இது யாருது?" என்றார் மேனேஜர்.

பக்கத்தில் ரோஸ்லின் அக்கா. பெரியதாழைக்காரி, இறால் உரிப்பவர்களில் மூத்தவள். "ஏலே சுடலை, உன் மூஞ்சியே சொல்லுதே" என்றாள்.

"என்னுதுதான் சார்."

"எறாலுக்கு எதுக்குலே ஊசி போட்ட?"

"எறாலுக்கு இல்ல சார். எனக்கு."

மேனேஜர் இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் நம்பவில்லை. போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. சட்டையைத் தூக்கினேன். குப்பியைக் கவிழ்த்தேன். சொட்டு வரவில்லை. வேறு வழியில்லாமல் கக்கத்தில் வைத்தேன். பாதிச் சட்டையோடு பதினைந்து நிமிஷம் நின்றேன். மொத்தக் கம்பெனியும் என் கக்கத்தையே பார்த்தது.

"என்னக்கா, அடைகாக்கானா?" என்றாள் ஒருத்தி.

"ஏளா, உக்காரு. குஞ்சு பொரிக்க நேரமாவும்" என்றாள் ரோஸ்லின் அக்கா.

ஒருவழியாக இளகியது. ஊசியில் ஏற்றி வயிற்றுக்குக் கொண்டுபோனேன். வெள்ளைக்காரர் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டார். ஏதோ படபடவென்று சொன்னார்.

"உறைஞ்சா மருந்து செத்துருமாம்லே" என்றார் மேனேஜர். "அவரு அம்மாவும் இதத்தான் போடுதாங்களாம். நீ இத்தன நாளும் தண்ணியத்தான் குத்தியிருக்க."

இறால் தப்பித்தது. நான் மாட்டினேன்.

மறுநாள் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு என்னை வாசல் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுப் பொருள் இருக்கிற இடத்தில் ஊசி வைத்தது தப்பு. அதற்குத் தண்டனை என்றால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மேனேஜர் சொன்ன காரணம் வேறு. "சுகர்காரன் வண்டில மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்லுதது?" பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஒரு பெட்டி சரிந்ததில்லை.

உயிருள்ள மருந்தைப் போட்டு சுகரை இறக்கினேன். ஓட்டலாம் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். மேனேஜர் பிரிக்கவே இல்லை. மறுநாள் காலை அவர் கார் வந்தது. நான் கேட்டைத் திறக்கவில்லை.

"என்னலே?"

"சார், காரு நீங்கதான் ஓட்டிட்டு வாரியளா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"உங்களுக்கும் சுகர்லா. ரோட்டுல மயங்கிட்டா யாரு பதில் சொல்லுதது?"

"அது வேற, இது வேற."

"எது வேற சார்?"

பின்னால் பெண்கள் வரும் வேன் நின்றிருந்தது. ரோஸ்லின் அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். "சொல்லுங்க சார். இந்த வேன்லயும் நாலு பேருக்கு சுகர். நாங்களும் தெரிஞ்சிக்கிடுதோம்."

மேனேஜர் ஹாரனை அழுத்தினார். கேட்டைத் திறந்தேன்.

நாலு நாளில் சாவி வந்தது. மாடசாமிக்கும் வந்தது. (நியாயம் ஜெயித்தது என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பதில் வண்டி ஓட்டியது மேனேஜரின் மச்சினன். கிடங்குக் கதவிலேயே கொண்டுபோய் மோதியிருந்தான். அவனுக்கு சுகர் கிடையாது.) மாதாமாதம் நான் சுகர் ரிப்போர்ட் கொடுக்கிறேன். மேனேஜர் கொடுப்பதில்லை.

வீட்டில் நான் ஊசியை எடுத்தால் போதும், விருந்தாளி இருந்தாலும் பேச்சி விடமாட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க, கூட்டம் சேரட்டும். நாலு பேரு பாக்காம போட்டா அவருக்கு மருந்து ஏறாது."