இருபத்தைந்து வருஷ கேரண்டி

"இருபத்தைந்து வருஷமா? எழுதித் தருவீங்களா?"

உலகப்பன் கையில் ஒரு சாண் பலகைத் துண்டை வைத்துக்கொண்டு கேட்டார். கொழும்பு நுகேகொடையில் உள்ள பலகைக் கடையின் விற்பனையாளர் அர்ஷாத்துக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான்.

"எழுதியே தாறோம் அங்கிள். இது மரம் இல்ல, கொம்போசிட். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேத்து அமத்தினது. உக்காது, கறையான் அரிக்காது. உங்கட பேரப்பிள்ளைட கலியாணத்துக்கும் இப்பிடியே கிடக்கும்."

உலகப்பனுக்குப் பேரப்பிள்ளையின் கல்யாணமெல்லாம் இப்போது பெரிதில்லை. வெள்ளவத்தை வீட்டில் மனைவி நாகம்மை படுத்திருக்கிறாள். நோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது, தைப்பொங்கல் வரை தாங்கினாலே பெரிய காரியம் என்று டொக்டர் நாலு நாளைக்கு முன்னால்தான் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு நாகம்மை அழவில்லை. "மொட்டைமாடியில கொஞ்ச நேரம் உட்கார்ந்து கடலைப் பாக்கணும்ங்க" என்று மட்டும் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவர்களுடையது லிப்டில் ஏறிப் போகிற மேல்மாடி வீடு. படுக்கையறைக் கதவைத் திறந்தால் மொட்டைமாடி, அதற்கு அப்பால் கடல். ஒரு நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் செட்டியார் தெருவில் நாற்பது வருஷம் கடை நடத்திய மனுஷன் அவ்வளவு லேசில் எதையாவது முடிப்பாரா? மாடித்தரை வெடித்துக் கிடந்தது. விழுந்தால் எலும்பு நொறுங்கிவிடும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். அதனால் தரைக்கு மேலே பலகையில் டெக் என்கிற தளம் அடிப்பது என்று முடிவாயிற்று.

மட்டக்குளியிலிருந்து வந்த தச்சர் ஹெக்டர் முதலிலேயே நல்ல வழி சொன்னார்.

"மரமே போடுவம் முதலாளி. சாமான் என்னட்டக் கிடக்கு. மூண்டு நாளில அம்மா வெளியில இருக்கலாம்."

"மரம்னா எண்ணெய் பூசணுமே?"

"ஓம், வருசத்துக்கு ஒருக்கா பூசினாச் சரி."

"வருஷா வருஷம் எவன் பூசுறது? கொம்போசிட்தான். சும்மா விட்டாலும் கிடக்கும்."

வருஷா வருஷம் என்கிறீரே, யாருக்கு ஐயா அந்த வருஷமெல்லாம் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கை நீட்டியிருப்பார்.

"வேலை முடியிற வரைக்கும் நீ அந்தப் பக்கம் காலே வைக்கப்படாது," என்று மனைவிக்கு உத்தரவு போட்டார்.

"ஆகட்டும்ங்க," என்றாள் நாகம்மை.

முதல் நாளே ஆணியில் சிக்கல் வந்தது. சாதாரண ஆணி கடல் காற்றுக்குத் துருப்பிடிக்கும், அதற்கென்று துருவேறாத கிளிப் இருக்கிறது என்று அர்ஷாத் போனில் சொன்னார். மருதானையில் கிடைக்குமாம்.

"ஹெக்டரை அனுப்பிடுறேன்," என்றார் உலகப்பன்.

"அவர் போனா வேற எதையாச்சும் தலையில கட்டி அனுப்புவாங்க. நீங்களே போங்க," என்றாள் நாகம்மை.

போனார். வாங்கி வந்த கிளிப் ஒரு நூல் பெரிது. மறுநாளும் போனார், அது ஒரு நூல் சிறிது. மூன்றாம் நாள் கடைக்காரரோடு சிங்களத்தில் சண்டை பிடித்து, சரியான கிளிப்போடு வெற்றிவீரராகத் திரும்பினார். ஹெக்டரின் கணக்கில் மரமாக இருந்தால் அன்றைக்கு வேலையே முடிந்திருக்கும்.

அடுத்தது இடைவெளி. பலகைக்குப் பலகை கொஞ்சம் இடம் விடவேண்டும் என்றார் ஹெக்டர்.

"என்னத்துக்கு? அவ ஊன்றுகோல் மாட்டி விழுறதுக்கா? நெருக்கியே அடியப்பா!"

"வெயிலுக்கு ஊதும் முதலாளி."

"இருபத்தைந்து வருஷ கேரண்டி இருக்கு. ஊதாது."

மறுநாள் மத்தியானம் ஊதிற்று. பலகைகள் ஒன்றையொன்று நெம்பி எழும்பி, வெளிப்பக்கம் திறக்கிற கதவை அசையவிடாமல் பிடித்துக்கொண்டன. ஹெக்டர் மாடியில் மாட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து உலகப்பன் தோளால் இடித்தார், உதைத்தார், முருகா என்று கத்தினார். நாகம்மை மெல்ல எழுந்துவந்து ஜன்னல் கம்பி வழியாக ஹெக்டருக்கு இடியப்பப் பார்சலை நீட்டினாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்ததில் இடுப்பு வலித்து, அரைமணி நேரம் கண்ணை மூடிப் படுத்துக்கிடந்தாள். உலகப்பன் அந்த அரைமணி நேரமும் கதவையே உதைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று அவருக்குப் பயம்.

எல்லாப் பலகைகளையும் கழற்றி, விளிம்பைச் சீவி, திரும்ப அடித்தார்கள். ஒரு வாரம் போயிற்று. வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உலகப்பன் தானே முதலில் ஏறி நின்றார்.

"ஐயோ! அடுப்பு மாதிரியில்ல கொதிக்குது!"

"இது வெயிலைப் பிடிச்சு வச்சிருக்கும் முதலாளி. மரம் எண்டா..."

"மரத்துப் பேச்சை எடுக்காதே!"

நிழலுக்குப் பந்தல் துணி வாங்கப் போனார். நாகம்மை இந்தத் தடவையும், "நல்லா நாலு கடை ஏறி இறங்கிப் பாத்து வாங்குங்க, அவசரம் வேணாம்," என்று சொல்லி அனுப்பினாள். துணி வந்தது, கட்டியாயிற்று, நிழலும் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே பச்சைத் துணிதான் தெரிந்தது. கடலைக் காணோம். அவிழ்த்தார்கள், உயர்த்தினார்கள், காற்று அதைப் பிய்த்துக்கொண்டு பெருந்தெருவான காலி வீதிப் பக்கம் போயிற்று. திரும்பவும் கடைக்குப் போனார்.

இதற்குள் நாகம்மை பாதியாகிவிட்டாள். சட்டைக்கு ஊக்குக் குத்தித்தான் உடுத்தினாள். அதை உலகப்பன் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, பலகையின் நிறத்தைப் பற்றியே பேசினார்.

கடைசியில் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை டெக் தயாரானது. பந்தல் நின்றது, கதவு திறந்தது, கடல் தெரிந்தது. ஹெக்டர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இனி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க."

"கொஞ்சம் பொறு அப்பா. புது இடம். பால் காய்ச்சாம எப்படிக் கால் வைக்கிறது?"

பஞ்சாங்கம் பார்த்தார். ஒன்பது பத்துக்கு நல்ல நேரம். கதவுக்கு நேரே கோலம் போட்டு, மூன்று செங்கல் வைத்து, தேங்காய்ச் சிரட்டை அடுக்கி, கற்பூரம் கொளுத்தி, புதுப் பானையில் பாலை ஏற்றினார். தீ நன்றாகப் பிடித்தது. நாகம்மை கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முதலாளி," என்றார் ஹெக்டர். "அது பிளாஸ்டிக்."

"பால் பொங்குற நேரத்துல அபசகுனமாப் பேசாதே!"

பால் பொங்கத்தான் செய்தது. அதே நேரத்தில் ஒரு செங்கல் உள்ளே இறங்கிற்று. பானை சரிந்தது, பாலெல்லாம் பலகைக்கு அடியில் போயிற்று. கரும்புகையும் நாற்றமும் பக்கத்து வீடு வரைக்கும் கிளம்பின. தண்ணீர் ஊற்றி அணைத்துப் பார்த்தபோது, வாசலுக்கு நேரே நாலு பலகை உருகி, ஆள் விழுகிற அளவுக்கு ஓட்டை.

"கேரண்டி இருக்கில்ல?" என்று அர்ஷாத்திடம் போனில் கேட்டார்.

"அடுப்பு மூட்டினத்துக்கு இல்ல அங்கிள். அந்தக் கலர் முடிஞ்சுபோச்சு. அடுத்த கப்பல்லதான் வரும், ஒரு மாசம் செல்லும்."

"வேற கலரில நாலு பலகை போடுவமே," என்றார் ஹெக்டர்.

"ஒரு தகரத்தை வச்சு மூடினாக்கூடப் போதும்ங்க," என்றாள் நாகம்மை.

"ஒட்டுப்போட்ட இடத்துலயா என் பொண்டாட்டி உட்காருவா? ஒரு மாசம்தானே. பொறு!"

அவள் மூன்று வாரம் பொறுத்தாள். மார்கழி பிறந்த மூன்றாம் நாள் விடியற்காலையில், மூடிய கதவுக்கு உள்ளே, தூக்கத்திலேயே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பலகை வந்துவிட்டது என்று அர்ஷாத் போன் செய்தார். உலகப்பன் ஹெக்டரைக் கூப்பிட்டார். ஹெக்டர் வந்தார், ஓட்டையை அடைத்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நிறம் அப்படியே பொருந்திற்று.

உலகப்பன் வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். பிறகு அடக்கிவைத்ததெல்லாம் ஒரேயடியாக உடைந்தது.

"பாவி! இந்த ஒரு மணி நேர வேலையை அன்னைக்கே செஞ்சிருக்கலாமேடா! இல்ல, நான்தான் பாவி. நாப்பத்தொரு வருஷம் எங்கூட இருந்தா. ஒரு நகை கேட்டதில்ல, ஒரு யாத்திரை கேட்டதில்ல. கொஞ்ச நேரம் கடலைப் பாக்கணும்னா. அதைக்கூடக் காட்டாம அனுப்பிட்டேனே ஹெக்டர்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ இங்க உட்காரலையே!"

ஹெக்டர் சுத்தியலைப் பைக்குள் போட்டார். பையைத் தோளில் மாட்டினார். அறைவாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"முதலாளி, நீங்க சாமான் வாங்க வெளிக்கிட்ட ஒவ்வொரு நாளும் அம்மா இந்த இடத்திலதான் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தவ, நீங்க வாற லிப்ட் சத்தம் கேட்டாத்தான் எழும்பி உள்ளுக்குப் போவா."