சம்பந்தியின் திருப்பெயர் தாங்கிய பிராணி குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நான் ஒரு முடிவெடுத்தேன். இந்த ஆண்டு இறுதி விடுமுறைக்கு யாருக்கும் பரிசுப்பொருள் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக அவரவர் பெயரில் ஏதாவதொரு நல்ல காரியத்துக்கு நன்கொடை அளித்துவிடுவது. இந்த முடிவின் விளைவுகளை நாம் இரு குடும்பத்தாரும் இப்போது அனுபவித்துக்கொண்டிருப்பதால், அது எப்படிப் பிறந்தது என்பதைத் தேதி நேரத்துடன் தங்கள் பார்வைக்கு வைப்பது என் கடமை. எடை அளவுத் துறையில் முப்பத்தோரு ஆண்டு ஆய்வாளராக இருந்தவனுக்கு வேறு மாதிரி எழுத வராது.

நாங்கள் இருவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், பதினோரு நாட்களாக அங்கே எங்கள் மகளைத் தவிர யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை. அவளும் மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டு கிசுகிசுக்கிறாள்.

என் முடிவுக்குத் தங்கள் பெருந்தன்மைதான் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கல்யாணமான முதல் ஆண்டு நான் ஒரு குடை அனுப்பினேன். தாங்கள் இரண்டு குடை அனுப்பினீர்கள். அடுத்த ஆண்டு ஒரு மேசை விளக்கு அனுப்பினேன். தாங்கள் ஆளுயரத்துக்கு ஒரு விளக்கு அனுப்பினீர்கள். அதைப் போட்டால் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். சென்ற ஆண்டு நான் அனுப்பிய பயணப் பெட்டிக்கு அதைவிடப் பெரிய பெட்டி பதிலாக வந்தது. அதற்குள் என்னுடையது தாராளமாக அடங்கும் என்று உடன் வந்த சீட்டில் தாங்கள் எழுதியிருந்தீர்கள். அடக்கிப் பார்த்தேன், அடங்கியது. இப்படியே போனால் இன்னும் இரண்டு வருஷத்தில் பரிசுகளை வீட்டில் குடிவைத்துவிட்டு நாங்கள் வாடகைக்கு இடம் தேட வேண்டியதுதான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து வீட்டம்மாவிடம் முடிவை அறிவித்தேன்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“இப்பச் சொல்றேனே.”

“சொல்றதுக்குப் பேரு கேக்கறதா? சம்பந்தி வீட்டுல கஞ்சத்தனம்னு நினைச்சுப்பாங்க.”

“தர்மம்னு நினைப்பாங்க.”

“உங்களை மூணு வருஷமாப் பாத்திருக்காங்க. நினைக்க மாட்டாங்க.”

தங்களைப் போன்ற ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்கு ஏற்ற அறப்பணி எது என்று ஒரு வாரம் யோசித்தேன். நூலகத்துக்குப் போனேன், அங்கே நன்கொடை வாங்கும் அலுவலர் விடுப்பில் இருந்தார். மருத்துவமனையில் நான்கு பக்கப் படிவம் கொடுத்து முதலில் என் இரத்த வகையைக் கேட்டார்கள். திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பிராணிகள் காப்பகம் இருக்கிறது, அது திறந்திருந்தது. மறைப்பானேன், தேர்வு முறை இவ்வளவுதான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு எழுத்தர் அம்மாள் இருந்தார். யார் பெயரில் என்று கேட்டார். தங்கள் திருப்பெயரை முதலெழுத்துகள், பட்டம், ‘கிளை மேலாளர் (ஓய்வு)’ என்ற பதவியுடன் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒன்றையும் விடவில்லை. மரியாதை குறைந்துவிடக்கூடாதல்லவா.

“எந்தப் பிராணிக்கு சார்?”

“எதுக்கு ரொம்பத் தேவையோ அதுக்கு.”

“நாய்க்குட்டிக்கெல்லாம் நிறைய பேர் குடுத்துடறாங்க. கழுதைக்குத்தான் சார் யாருமே இல்லை.”

இதைக் கேட்டு என் மனம் இளகிவிட்டது. அவர் நீட்டிய தாளில் கையெழுத்திட்டேன். முப்பத்தோரு ஆண்டுப் பணியில் படிக்காத தாளில் நான் கையெழுத்திட்டதே கிடையாது. அன்று கண்ணாடி வீட்டில் இருந்தது. நன்கொடை யார் பெயரில் வருகிறதோ அந்தப் பெயரையே பிராணிக்குச் சூட்டுவது அந்தக் காப்பகத்து வழக்கம் என்று அந்தத் தாளில் நான்காவது வரியில் அச்சிட்டிருக்கிறதாம்.

அடுத்தது தங்களுக்குத் தெரியும். தங்களுடன் வேலை பார்த்த ஐந்து நண்பர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத் தபாலில் காப்பகத்து அட்டை வந்தது. எங்கள் மகள் அதைத் தனக்குள் படித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டாள். “தங்கள் பெயர் கொண்டவர் நலம். இந்த வாரம் குளம்பு சீவப்பட்டது. முன்புபோல் யாரையும் கடிப்பதில்லை.” கூடவே புகைப்படம். நண்பர்களில் ஒருவர் அதை வாங்கிப் பார்த்து, முகத்தில் ஏதோ ஒரு ஜாடை இருக்கிறது என்றாராமே. அவருக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா என்று எனக்கும் வருத்தம்தான்.

அன்று மாலை மகள் பேசினாள். “அப்பா, என்னப்பா பண்ணி வெச்சிருக்கே? மாமா பேப்பரை முகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்.”

“படிக்கறாரா?”

“தலைகீழாப் பிடிச்சிருக்கார்.”

இன்னொன்றும் சொன்னாள். விடுமுறைக்கு மாமா வரவில்லையென்றால் தானும் வர முடியாது, அவரை அந்த நிலையில் விட்டுவிட்டு எந்த முகத்தோடு கிளம்புவது என்றாள். சம்பந்தி, போன விடுமுறைக்கு அவளுக்குக் காய்ச்சல். அதற்கு முன்பு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. இந்தத் தடவையாவது வருவாள் என்று வீட்டம்மா அவள் அறைக்குப் புதுத் திரை தைத்துப் போட்டுவிட்டாள். இப்போது தினமும் அந்த அறைக்குள் போய்த் திரையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள். வாய்விட்டுத் திட்டினால்கூடப் பரவாயில்லை.

உடனே காப்பகத்துக்கு ஓடினேன். கொட்டிலின் முகப்பில் மூன்றடி நீளத்துக்குப் பலகை. தங்கள் பெயர், பட்டம், பதவி எல்லாம் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளிகூடச் சீராக இருந்தது. பராமரிப்பவர் ஒரு வாளியோடு வந்தார். தங்கள் பெயரைச் சொல்லி அதட்டுவாரோ என்று பயந்தேன். அவர் நல்ல மனிதர். “மேனேஜர் சார், கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க” என்றுதான் சொன்னார். அதுவும் நகர்ந்தது.

தாங்கள் அந்தப் பிராணியைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்ளக்கூடாது. சாம்பல் நிறம், ஒன்பது வயது, நிதானமான சுபாவம். நாம் என்ன சொன்னாலும், கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் கண் இமைக்காமல் கடைசிவரை கேட்டுக்கொள்கிறது, பதிலில் அவசரப்படுவதில்லை. நிலைமையை விளக்கப் போனவன், அடுத்த நாளும் போனேன். இப்போது தினமும் காலையில் ஒரு மணி நேரம் அங்கேதான். என் பணிக்காலத்தில் ஒரு கடைக்காரர் தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்ததை நான் கண்டுபிடித்த கதையை முழுசாகக் கேட்ட முதல் ஆள் இதுதான். வீட்டில் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால், ஓய்வுபெற்ற பிறகு என் காலைப்பொழுது இவ்வளவு நன்றாகப் போனதில்லை. இந்த ஒரு மனஸ்தாபம் மட்டும் இல்லையென்றால் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

பெயரை நீக்கச் சொல்லி எழுத்தர் அம்மாளிடம் மன்றாடினேன். சும்மா நீக்க முடியாதாம். வேறு ஒருவர் பெயரை வைக்க வேண்டுமாம்.

“யார் சார் ஒத்துப்பாங்க?” என்றார்.

சம்பந்தி, அந்தக் கணத்தில் என் மகளை நினைத்துக்கொண்டேன். தங்கள் மானத்தை நினைத்துக்கொண்டேன். “என் பேரையே எழுதிக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டேன். நேற்று மாலை தங்கள் பலகையைக் கழற்றி, என் பெயர் எழுதிய பலகையை மாட்டிவிட்டார்கள். நானே ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் வீட்டம்மா பதினோரு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். “முப்பது வருஷமா நான் சொன்னது இப்பத்தான் போர்டுல வந்திருக்கு” என்றாள். சிரித்தாளே, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே, தங்கள் பெயருக்கும் கழுதைக்கும் இனி ஜன்மத்துக்கும் சம்பந்தமில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன். கோபத்தை விட்டுவிட்டு விடுமுறைக்கு எல்லோரையும் அழைத்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட வேண்டும். பரிசு என்று எதையும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் இரத்த அழுத்தம் இறங்கி, பேப்பர் நேராகி, நூறாண்டு நலமாக இருக்க வாழ்த்துகிறேன்.

என்றும் தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் காப்பகத்து எழுத்தர் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். என் பெயரில் தாங்கள் அனுப்பிய நன்கொடை நேற்றே வந்துவிட்டதாம், நான் அனுப்பியதைப்போல் இரண்டு மடங்கு. ‘கழுதையாகத்தான் இருக்க வேண்டும், வேறு எதுவும் கூடாது’ என்று தாங்கள் அடிக்கோடிட்டு எழுதியிருந்ததையும் வாசித்துக் காட்டினார். அதன்படியே புதிதாக ஒரு கழுதையைச் சேர்த்துக்கொண்டார்களாம். ஆனால் ஒரே பெயரில் இரண்டு பிராணிகளைப் பதிவேட்டில் எழுத விதி இல்லை. என் பெயரோ ஏற்கெனவே பழைய கழுதைக்குப் போய்விட்டது. நன்கொடை கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று கொடுத்தவர் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்களாம். கழற்றிய பலகை அப்படியே இருந்ததால் உடனே மாட்ட வசதியாகப் போயிற்று என்றார். அட்டையும் புகைப்படமும் இன்று காலைத் தபாலில் தங்கள் முகவரிக்குக் கிளம்பிவிட்டன. புதிய கழுதை பெட்டை. சினையாக இருக்கிறது.