எறும்பு ஒதுக்கிய மிட்டாய்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அது உங்களுக்கே தெரியும், நீங்கள் கூடத்தில்தான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எழுப்பிச் சொல்லலாம். ஆனால் உங்களை எழுப்பினால் வீடே எழுந்துவிடும். அதனால் போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதி, உங்கள் சட்டைப் பையில் வண்டிச் சாவியோடு வைக்கப்போகிறேன். காலை ஆறு மணிக்கு நீங்கள் ஏற்றிப் போகவேண்டிய ஆரஞ்சு மிட்டாய் லோடை தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள். போனால் அப்பாவுக்கு வேலை போய்விடும். காரணம் நான்தான்.

அப்பா பாகு காய்ச்சுகிற கம்பெனியில் யாராலும் மிட்டாயை ருசி பார்த்துச் சொல்ல முடியாது அல்லவா, நாள் முழுக்க அந்த ஆவியில் நின்று எல்லோருக்கும் நாக்கு மரத்துப்போய்விட்டது. அதனால்தான் முதலாளி, "உம் பொண்ணு நாக்குதான்யா நமக்கு அளவுகோல்" என்று சொல்லி, பாகு காய்ச்சும்போதெல்லாம் பத்து மிட்டாய் கொடுத்தனுப்புகிறார். நான் நல்லாயிருக்கு என்று சொன்னால்தான் பெட்டி ஒட்டுவார்கள். முதல் மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் என்னை மிட்டாய் மேடம் என்றார்கள். பத்து போதாது என்று இருபது கேட்டு வாங்கித் தின்றேன். மூன்றாம் மாதம் ஒருநாள் காகிதத்தைப் பிரித்ததுமே குமட்டிக்கொண்டு வந்தது பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கா, மிட்டாயா? அதற்குப் பிறகு கணக்கு வாத்தியார் ஆரஞ்சு நிறத்தில் சட்டை போட்டு வந்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. ஆனால் அப்பா வந்து, "எப்படிடா கண்ணு இருக்கு?" என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் எல்லாவற்றையும் ஜன்னலுக்கு வெளியே திட்டில் போட்டுவிடுவேன். எறும்புகள் வந்து தடயமில்லாமல் முடித்துவிடும்.

இன்று சாயங்காலம் பார்க்கிறேன், முந்தாநாள் போட்ட பத்தும் அப்படியே கிடக்கின்றன. எறும்புகள் வருகின்றன, மோந்து பார்க்கின்றன, சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. ஒன்றைக் கழுவி நுனி நாக்கில் வைத்தேன். உப்பு, சித்தப்பா. ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "மோருக்குன்னு கம்பெனிக்குக் கொண்டுபோன உப்பு டப்பா எங்கங்க?" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "அங்கதான் எங்கயோ கெடக்கு. பாகுல போடுற புளிப்புத் தூள் டப்பாவும் அதே மாதிரி இருக்கா, எது எதுன்னே தெரியல" என்றார். புளிப்புத் தூளுக்குப் பதிலாக அப்பா உப்பைக் கொட்டியிருக்கிறார். இருநூறு பெட்டி. அத்தனையும் நான் சூப்பர் என்று சொன்ன பிறகு ஒட்டியது.

அதனால் டயர் பஞ்சர் என்று சொல்லுங்கள், இல்லை இடுப்புப் பிடிப்பு என்று சொல்லுங்கள். லீவு போடக் காரணம் கண்டுபிடிப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று அம்மாவே சொல்வார். லோடு நின்றுவிட்டால், அப்பாவிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் அடிக்கமாட்டார். பேசாமல் இருந்துவிடுவார், அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் உடம்பும் வண்டியின் பிரேக்கும் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: தப்பாகப் பழி போடக்கூடாதே என்று, உறுதி செய்துகொள்ள ஒன்றை முழுசாக வாயில் போட்டேன். முதலில் உப்பு, அப்புறம் மெதுவாக உள்ளேயிருந்து இனிப்பு. சித்தப்பா, இப்படி ஒரு மிட்டாயை நான் பிறந்ததிலிருந்து தின்றதில்லை. மீதி ஒன்பதும் காலி, கழுவித்தான் தின்றேன். லோடை எடுத்துப் போங்கள், ஒரு பெட்டியை மட்டும் வீட்டில் இறக்கிவிடுங்கள். இப்போது எனக்கு ஒரே பயம்தான்: அப்பா மறுபடியும் இதே தப்பை இதே அளவில் சரியாகச் செய்வாரா?