நீண்ட ஆயுள் வாழ்த்தியதற்கு வருந்துகிறேன்

அன்பு மைத்துனர், ஆங்கில ஆசிரியர் அவர்களுக்கு,

உன் அத்தான் எழுதுவது. உன் அக்காவும் பிள்ளைகளும் நலம். நான் நலமில்லை, அதற்குக் காரணம் நீ.

போன வாரம் எங்கள் பெயிண்ட் கம்பெனி மேனேஜருக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். எல்லோரும் ஒரே அட்டையில் வாழ்த்து எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. டிரைவரிலிருந்து டைப்பிஸ்ட் வரை ‘கெட் வெல் சூன்’ என்றே எழுதினார்கள். மைத்துனன் ஆங்கில வாத்தியாராக இருக்க, நானும் அதையே எழுதினால் உனக்குத்தானே கேவலம்? வீட்டுக்கு எடுத்து வந்து உனக்குப் போன் போட்டேன். “விஷ் போட்டா பின்னாடி பாஸ்ட் டென்ஸ் வரும், அத்தான்” என்றாய். அப்படியே ‘ஹேவ்’வை ‘ஹேட்’ ஆக்கி எழுதினேன்: ‘ஐ விஷ் யூ ஹேட் எ லாங் லைஃப்.’ குண்டு குண்டான எழுத்தில், அட்டையின் நட்டநடுவில்.

மறுநாள் மேனேஜரின் மனைவி நான் வேலை பார்க்கும் ஸ்டோர் ரூமுக்கே வந்துவிட்டார். “அவருக்கு ஆயுசு கெட்டியில்லையேன்னு வருத்தப்பட்டு எழுதியிருக்கீங்க. டாக்டர் எதையோ மறைக்கிறார்னு அவர் காலையிலேருந்து அழறார்!”

மன்னிப்புக் கேட்டு எழுதவும் உனக்கே போன் போட்டேன் பார், என் புத்தியைச் சொல்லணும்! “ரிக்ரெட்டுக்குப் பின்னாடி ஐஎன்ஜி” என்றாய். ‘ஐ ரிக்ரெட் விஷிங் யூ எ லாங் லைஃப்’ என்று எழுதிப் பூங்கொத்தோடு அனுப்பினேன். நீங்கள் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தியதே என் தப்பு என்று அதற்கு அர்த்தமாம். இலக்கணத்தில் மட்டும் ஒரு பிழையும் இல்லையாம். அதையும் அந்த அம்மாவே சொன்னார். எங்கே போய் முட்டிக்கொள்ள? தையல் பிரிப்பதற்கு முன்பே மேனேஜர் என்னைப் பின்பக்கக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். இருபது வருஷ சர்வீஸ்! இப்போது காலி டின்களோடு குடித்தனம். உன் பிழையில்லாத இங்கிலீஷை நீயே வைத்துக்கொள்.

என்ன இருந்தாலும் நீ சின்னவன். மனைவி குழந்தையோடு எல்லாச் சுகமும் பெற்று வாழ ஆசீர்வதிக்கிறேன். தமிழில்தான்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு, அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். “விஷ்ஷுக்குப் பின்னாடி பாஸ்ட் டென்ஸ் வர்றது நடக்காததை நினைச்சு ஏங்குறதுக்கு, வாழ்த்துக்குப் போடக் கூடாதுன்னு அவன் விளக்கமாத்தான் சொன்னான். நீங்க ‘புரிஞ்சுது, புரிஞ்சுது’ன்னு போனை என் கையில கொடுத்துட்டுப் பேனா எடுக்கப் போயிட்டீங்க” என்கிறாள்.

“ஏன்டி அப்பவே சொல்லலை?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

ஆகவே, மேலே உள்ளதை நான் எழுதாமலே இருந்திருக்கலாம். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? உடனே எழுதவும். முழுவதுமாக எழுதவும்.