அண்ணன் கல்யாணமும் ஒரு சாய்ந்த சென்சாரும்

அழகான இடத்தில் என்னை வேலை செய்ய விடக் கூடாது. இதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, உத்திரமேரூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. (நடையைப் பார்த்தால் அறுபது வருஷ அனுபவம்.) மறுநாள் மானாம்பதியில் அண்ணனுக்குக் கல்யாணம். எங்கள் ஊரான பெருநகரிலிருந்து மாப்பிள்ளையை ஏற்றிப்போக வேண்டிய பெரியப்பாவின் காரில், சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"நான் பார்க்கிறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பழுது கண்டுபிடிக்கும் ஸ்கேனரைக் காரில் செருகினேன். ஆக்சிலரேஷன் சென்சார் பழுது என்றது. சும்மா நிற்கிற வண்டி வேகமாகத் திரும்பிக்கொண்டிருப்பதாக அந்தச் சென்சார் நினைத்துக்கொண்டிருந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த அதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மிச்சம் ஒரே வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, 'இதுதான் உனக்குப் பூஜ்யம்' என்று புதுச் சென்சாருக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஓட்டிப் பார்க்கப் போனவள் ஏரிக்கரையில் நிறுத்தினேன். சாயங்கால வெயில் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. கொக்குகள் ஒவ்வொன்றாக வந்து கருவேல மரத்தில் வெள்ளையாகப் பூத்தன. உலகமே அசையாமல் நிற்பதுபோல் இருந்தது. அந்த மயக்கத்திலேயே ஸ்கேனரில் பொத்தானை அமுக்கினேன். விளக்கு அணைந்தது. வீட்டில் எனக்குத் தனியாக ஒரு காபி கிடைத்தது.

மறுநாள் காலை, அண்ணனையும் பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு, பனி விலகாத வயல்களுக்கு நடுவே காரை ஓட்டிப்போனேன். ஓட்டினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நேரான ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் பின்வாங்கியது. ஒரு சக்கரத்தில் பிரேக் தானாகக் கடகடவென்று பிடித்தது. சைக்கிளில் பால் கொண்டுபோனவர் எங்களை முந்தினார், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா செல்வி, யாரைக் கேட்டுக்கினு போவுது இந்தக் காரு?" என்றார் பெரியப்பா.

"முகூர்த்தத்துக்கு அரை மணி நேரந்தான் கீது!" பட்டு வேட்டியில் அண்ணன் முறைத்தான்.

டிராக்‌ஷன் கண்ட்ரோலை நிறுத்தி வைக்க டேஷ்போர்டில் ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அதை அமுக்கினால் விளக்கு மறுபடி எரியும். என் மானம் என்னாவது? (அமுக்கவில்லை. அவ்வளவு வீம்பு.)

பின்னால் ஒரு டவுன் பஸ் வந்தது. அண்ணன் இறங்கிக் கையைக் காட்டினான்.

"ஏறு நைனா, மண்டபத்து வாசல்லயே எறக்கி வுடறோம்" என்றார் கண்டக்டர். பெரியப்பாவும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார். பஸ் பனிக்குள் மறைந்தது.

நான் மட்டும் நின்றேன். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் வானம் முழுவதும் இறங்கிப் படுத்திருந்தது, எந்தப் பக்கமும் சாயாமல், அத்தனை மட்டமாக. பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. நேற்று நான் காரை நிறுத்தியது கரைச் சரிவில். சென்சார் பாவம், அந்தச் சாய்வையே சமதளம் என்று கற்றுக்கொண்டு, சமமான நேர் ரோட்டிலும் வண்டி திரும்பி வழுக்குவதாகப் பயந்திருக்கிறது.

பக்கத்து நெற்களத்துச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, மறுபடி பூஜ்யம் சொல்லித்தந்தேன். கார் பறந்தது. நான் மண்டபத்தில் நுழைந்தபோது அண்ணன் தாலி கட்டி முடித்திருந்தான், இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது.

தாலி கட்டும் படம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், நான் இல்லை. படம் எப்போதும் இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். நேராக்கலாம் என்று கையை நீட்டினால் போதும், சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்துவிடும்:

"தொடாத செல்வி! ஏரிக்கரையில நின்னு பாரு, நேராத்தான் கீது!"