இளஞ்சிவப்பு ஒத்திகை

"அண்ணா, டியூப் விழுந்துடுச்சு!"

தேநீர் குடித்துவிட்டுப் பரிசோதனைக்கூடத்துக்குள் நுழைந்த கைகழுவியை இந்த அலறல்தான் வரவேற்றது. அலறியவள் சுருட்டை. சுருட்டை முடி கொண்ட இளைய டெக்னீஷியன். மாதிரிகள் வைக்கும் அறையின் நடுவில், கையில் டியூப்கள் செருகிய ராக்கோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு காலை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தரையில் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாக ஒன்று பரவிக்கொண்டிருந்தது. மூடி கழன்ற டியூப் உருண்டோடி ஃப்ரீசருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

கைகழுவியின் முகம் பதறியது. மனசு மட்டும் உள்ளே குதித்தது.

குதிக்காதா பின்னே? தரையில் கிடந்தது அவருடைய சொந்தத் தயாரிப்பு.

அவர் அந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதனைக்கூடத்தின் மூத்த டெக்னீஷியன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரைப் பாதுகாப்பு அதிகாரியாகவும் ஆக்கியிருந்தார்கள். தகுதி பார்த்து அல்ல. அதை முடிவு செய்த கூட்டத்தன்று விடுப்பில் இருந்தவர் அவர் ஒருவர்தான். பதவி வந்ததும் மனிதர் எல்லோரையும் ஆறு முறை கைகழுவச் சொன்னார். பெயர் அப்படி வந்தது. ஒரு மணி நேரம் வகுப்பும் எடுத்தார். பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் தூங்கினவர்களைப் படம் பிடித்தார்கள். சந்தேகம் கேட்ட ஒரே ஆள், கழிவுகளை நீராவியில் வேகவைத்து அழிக்கும் ஆட்டோகிளேவ் அக்கா.

"சார், மிச்சமிருக்கிற பிஸ்கட்ட நான் எடுத்துக்கலாமா?"

இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு மேலிடத்திலிருந்து ஆய்வு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, மாதிரி சிந்தினால் என்ன செய்வது என்று ஒத்திகை நடத்தியிருக்க வேண்டும். பதிவேட்டில் அந்தப் பக்கம் கல்யாணத்துக்கு வெள்ளையடித்த சுவர்போல இருந்தது. ஆய்வில் தேறாவிட்டால் காய்ச்சல் பரிசோதனை முழுவதும் ஒரு பகல் ரயில் பயணத்துக்கு அப்பால் இருக்கும் இன்னொரு கூடத்துக்குப் போய்விடும். கூடவே கைகழுவியும்.

"மாதிரியோட சேத்து உங்களையும் அனுப்பினாங்கன்னா போர்வைய மறக்காம எடுத்துக்குங்க," என்று காலையில்தான் மனைவி சொல்லியிருந்தாள். "ஒரு போர்வை போதும். நான் வரல."

அதனால்தான் இந்த ஏற்பாடு. காய்ச்சல்காரர்களின் தொண்டையைத் துடைத்தெடுத்த பஞ்சுக்குச்சிகள் இளஞ்சிவப்புத் திரவத்தில்தான் வந்து சேரும். கைகழுவி மனைவியின் கேக் சாயத்தில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் கலந்தார். காது குடையும் குச்சியை உடைத்து உள்ளே போட்டார். நேற்று மாலை, யாரும் பார்க்காதபோது ராக்கின் கடைசிக் குழியில் செருகிவிட்டு வந்தார். இன்று பதினொரு மணிக்கு அவரே கை தவறி அதைப் போடுவதாகத் திட்டம்.

அரை மணி நேரம் முன்னதாகவே சுருட்டை போட்டுவிட்டாள். கடை திறக்கும் முன்பே சரக்கு விற்றுப்போன வியாபாரியைப்போல அவருக்கு ஒரே குஷி. இவளுக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. ஒத்திகை அசலாகவே நடக்கும்!

"பதறாதே. எல்லாரும் வெளிய வாங்க. அரை மணி நேரம் யாரும் உள்ள போகக்கூடாது," என்று கடிகாரத்தைப் பார்த்தார். "நீ போயி கதவுல எச்சரிக்கைப் பலகை மாட்டு."

பலகை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சுருட்டை பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 'ஆபத்து' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். அதுவரை ஆள் நடமாட்டமே இல்லாத அந்தத் தாழ்வாரத்தில் ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆபத்து என்று எழுதியிருந்தால் நம்மவர்கள் கிட்டே வந்துதானே படிப்பார்கள்.

"என்ன ஆபத்து?" என்றார் கணக்கர்.

"கரண்ட்டா?" என்றார் டிரைவர்.

"ரிப்போர்ட் வாங்க வந்தேன். உள்ள போயி வாங்கிக்கட்டுமா?" என்றார் ஒரு பெரியவர்.

சுருட்டை கைகழுவியின் காதருகே வந்தாள். "அண்ணா, பதிவேட்டில இருபத்துநாலு. ராக்கில இருபத்துமூணுதான் இருக்கு."

"பயத்துல எண்ணியிருப்பே."

"மூணு தடவ எண்ணிட்டேன்."

"அப்போ மூணு தடவையும் பயந்திருக்கே. கூட்டத்தக் கலைச்சுவிடு, நான் சிந்தல் பெட்டிய வாங்கிட்டு வர்றேன்."

சிந்தினதைத் துடைக்கும் சாமான்கள் அடங்கிய அந்தப் பெட்டி, ஸ்டோர்கீப்பரின் பாதுகாப்பில் இருந்தது. இடுப்பில் கிலோக் கணக்கில் சாவி தொங்கும் மனிதர், பெயரே சாவிக்கொத்து.

"சிந்தல் பெட்டி வேணும் சார். அவசரம்."

"படிவம்?"

"தரையில சிந்திக் கெடக்கு."

"அது தரையோட அவசரம். எனக்குப் படிவம்தான். மூணு நகல்."

மூன்று நகல் எழுதி முடித்தபோது பத்து நிமிடம் ஓடியிருந்தது. சாவிக்கொத்து பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கையுறை ரெண்டு ஜோடி குடுங்க."

"ஒரு ஜோடி."

"ரெண்டு பேரு உள்ள போறோம்."

"ஆளுக்கு ஒண்ணு. மிச்சக் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்குங்க."

"முகக்கவசம் நாலு."

"உங்க ரெண்டு பேருக்கும் சேத்து மூக்கு எத்தன? ரெண்டு."

"மேலங்கி?"

"ஒண்ணுதான் இருக்கு. ஆய்வுக்கு வர்றவங்களுக்குக் காட்ட வெச்சிருக்கேன். உடுத்தினா கசங்கிடும்."

கடைசியில் ஒரு ஜோடி கையுறை, இரண்டு முகக்கவசம், காகிதத் துண்டு ஒரு கட்டு, ஒரு பாட்டில் பிளீச்சிங் திரவம் என்று பேரம் படிந்தது. கையுறையைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை.

கைகழுவி திரும்பி ஓடிவரவும் டிரைவர் எதிரே ஓடிவரவும் சரியாக இருந்தது.

"சார், ஆய்வு மேடம் இப்பவே வந்துட்டாங்க! வண்டிய விட்டு இறங்கறாங்க!"

கைகழுவி கதவைத் திறந்தார்.

"அண்ணா, இன்னும் அரை மணி ஆகல! பதினெட்டு நிமிஷம்தான் ஆயிருக்கு," என்று தடுத்தாள் சுருட்டை.

"போதும். இந்தா, கையுறைய நீ போட்டுக்கோ."

"உங்களுக்கு?"

"எனக்கு அனுபவம் இருக்கு."

உள்ளே போய் மண்டியிட்டுக் காகிதத்தை விரித்தார். மேலே பிளீச்சிங் திரவத்தை ஊற்றினார். அது எப்போதோ வாங்கியது. நெடி என்பது பேருக்குக்கூட இல்லை. அவசரத்தில் முழங்கால் வழுக்கியது. விழாமலிருக்க இரண்டு கைகளையும் ஊன்றினார். ஊன்றிய இடம் அந்தக் குட்டைதான். கையும் கால்சட்டையும் இளஞ்சிவப்பாக அவர் நிமிர்ந்தபோது, கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வெளிய வாங்க," என்றார் ஆய்வு மேடம். குள்ளமான உருவம், பெரிய கோப்பு. "இங்க பாதுகாப்பு அதிகாரி யாரு?"

தாழ்வாரமே கைகழுவியைக் காட்டியது. ரிப்போர்ட் வாங்க வந்த பெரியவர்கூடக் காட்டினார்.

"எத்தன நிமிஷம் காத்திருக்கணும்?"

"முப்பது மேடம்."

"எத்தன நிமிஷம் காத்திருந்தீங்க?"

"பதினெட்டு."

"கையுறை?"

கைகழுவி சுருட்டையின் கைகளைப் பார்த்தார். மேடம் பேனாவைத் திறந்தார். முதல் வரி எழுதினார். இரண்டாம் வரியும் எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். கைகழுவியின் கண்முன்னால் ஒற்றைப் போர்வை ஒன்று மடித்த வாக்கில் வந்து நின்றது.

"மேடம், எழுதாதீங்க! இது ஒத்திகை!"

பேனா நின்றது.

"நிஜ மாதிரி இல்ல மேடம், சாயத்தண்ணி. நானே வீட்டுல கலந்து கொண்டுவந்து வெச்சேன். அது தெரிஞ்சதாலதான் கையுறை போடல. நம்பிக்கையில்லையா? இதோ பாருங்க." ஈரக் கையை எடுத்து இரண்டு கன்னத்திலும், கல்யாண வீட்டில் சந்தனம் பூசுகிற தாராளத்தோடு, தடவிக்கொண்டார்.

தாழ்வாரம் பெருமூச்சு விட்டது. கணக்கர் கைதட்டினார்.

"பாவி மனுஷா! பதினெட்டு நிமிஷமா எனக்கு உசுரே இல்ல," என்றாள் சுருட்டை. மரியாதையெல்லாம் அந்தப் பதினெட்டு நிமிடத்தில் தீர்ந்துபோயிருந்தது.

"யாருக்குமே சொல்லலியா?" என்றார் மேடம்.

"சொல்லிட்டா அப்புறம் அது நாடகமாயிடும் மேடம்."

மேடத்தின் உதடு ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. எழுதின பக்கத்தைக் கிழித்தார். புதிய பக்கத்தில், 'ஒத்திகை நடத்தப்பட்டது. ஊழியர்கள் உண்மையிலேயே பயந்தார்கள். திருப்தி' என்று எழுதினார். கையெழுத்துதான் பாக்கி.

வியாபாரம் படிந்ததும் வாயை மூடிக்கொண்டு பொட்டலம் கட்ட வேண்டும். கைகழுவிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"ஒத்திகை மட்டுமில்ல மேடம். என்னோட பயிற்சி கடைசி ஆள் வரைக்கும் போயிருக்கு. யார வேணும்னாலும் கேளுங்க. அதோ, அக்காவையே கேளுங்க!"

ஆட்டோகிளேவ் அக்கா சிவப்பு வாளியோடு அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். கைகழுவி கன்னமெல்லாம் இளஞ்சிவப்பாக, வாயெல்லாம் பல்லாக அழைத்தார்.

"அக்கா, வகுப்புல என்ன கத்துக்கிட்டீங்க? மேடத்துக்குச் சொல்லுங்க."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"பதிவேட்டில ஏறாத டியூப் ராக்கில இருந்தா உடனே எடுத்து அழிச்சுடணும்னு சார் சொல்லிக்குடுத்தாரு மேடம். நேத்து சாயங்காலம்கூடக் கடைசிக் குழியில ஒண்ணு இருந்துச்சு, காது குடையற குச்சி போட்டது. அப்பவே வேகவெச்சுட்டேன்."